ரிப்பேர் என்று சொன்ன கார்

மணலேரிப்பட்டில் அரங்கநாதன் என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். பூனைக்கார் அரங்கநாதன் என்றால் ஒருவர்தான். சங்கராபுரத்திலிருந்து மூங்கில்துறைப்பட்டு போகிற சாலையில் எந்த டீக்கடையில் இறங்கி அந்தப் பெயரைச் சொன்னாலும் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். பதினெட்டு ஏக்கர் கரும்பும் இரண்டு கிணறும் அவருக்கு இருந்தன. ஆனால் ஊர் அவருக்கு அடையாளமாக வைத்தது, காரின் மூக்கில் பாய்கிற மாதிரி நின்ற வெள்ளிப் பூனையைத்தான். அது பூனை இல்லை, ஜாகுவார் என்கிற காட்டு மிருகம், சீமைக் காருக்கே அதுதான் பெயர் என்று அவரும் இரண்டு மாதம் எல்லோருக்கும் சொல்லிப் பார்த்தார். "மிருகமோ இன்னாவோ, பாக்கறதுக்குப் பூன மாதிரிதான இருக்குது" என்றது ஊர். பூனை குறுக்கே போனால் வீடு திரும்பிச் செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகிற ஊரில், பூனையை முன்னால் விட்டுக்கொண்டு போகிறாரே மனுஷன் என்று கிண்டல் வேறு.

அந்தக் காரை அவர் இருபத்திரண்டு வருஷம் வைத்திருந்தார். அதில் மூன்று வருஷம்தான் சந்தோஷமாக வைத்திருந்தார்.

ஆசை எப்படி வந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் வந்த நாள் தெரியும். வாலிபத்தில் ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றார். யாரோ பெரிய மனிதர் வந்த கார், ஆலை வாசல் வேப்பமரத்தடியில் நின்றது. கருநீலமும் சாம்பலுமாக இரண்டு நிறம். கிட்டப் போய்க் கதவை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். டிரைவர் திட்டவில்லை. இடுப்பிலிருந்த துணியை உருவி, அவர் கை பட்ட இடத்தை மட்டும் துடைத்துவிட்டு மறுபடி பீடி பிடிக்கப் போய்விட்டான். திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பார்.

எழுபத்தெட்டில் கரும்பு நன்றாக விளைந்தது. சென்னையில் அப்படிப்பட்ட கார் ஒன்று விலைக்கு வருகிறது என்று ஆலைக்கு வந்துபோகிற ஒருவர் சொல்ல, அரங்கநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். காலமாகிவிட்ட வக்கீல் ஒருவரின் கார். இருபது வயது அதற்கு. அந்த வீட்டம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"விவசாயம்தானே பண்றீங்க? ஜீப் வாங்கலாமே. இதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"வெச்சிக்கத்தாங்கம்மா" என்றார் அரங்கநாதன்.

அந்தப் பதில் அந்த அம்மாளுக்குப் பிடித்துப்போயிற்று. சாவியைக் கொடுக்கும்போது, "சும்மா நிறுத்தி மட்டும் வைக்காதீங்க. ஓட்டாம வச்சா வீணாப் போயிடும்" என்றார்.

உளுந்தூர்பேட்டை வரைக்கும் வருவதற்குள் நாலு இடத்தில் தண்ணீர் ஊற்றவேண்டி வந்தது. வயசான வண்டி, நம் ஊர் சித்திரை வெயில். சாலை பிரிகிற இடத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்த கண்ணாயிரம் கார் மூடியைத் திறந்து, கோயில் கதவைத் திறந்தவன் மாதிரி நின்றான். அன்றிலிருந்து அவன்தான் அதற்கு வைத்தியன். உதிரிப் பாகம் எதுவும் கடையில் கிடைக்காது. கண்ணாயிரம் லாரிச் சாமானை அறுத்து, ராவி, ஒட்டவைப்பான். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். அரங்கநாதன் அதற்குச் சலித்துக்கொண்டதே இல்லை. ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். உள்ளே மரப்பலகையும் தோல் இருக்கையும் ஒரு வாசனை அடிக்கும். முன் இருக்கையின் முதுகில் மடித்துவிடுகிற சின்ன மேஜை உண்டு. அதில் யாரையும் டம்ளர் வைக்க விடமாட்டார்.

ஒரு காரியத்துக்கு மட்டும் தாராளமாகக் கொடுத்தார். கல்யாணத்துக்கு. சுற்றுவட்டாரத்தில் வசதிப்பட்ட வீட்டுப் பெண்ணழைப்பு என்றால் பூனைக்கார்தான் வரவேண்டும் என்று ஆகிவிட்டது. பத்து பைசா வாங்கமாட்டார். வெள்ளை உறை போட்டு, கதம்பம் கட்டி, தானே ஓட்டிக்கொண்டு போவார். அந்த வண்டிக்கு ஒரு பேரும் வந்து சேர்ந்தது. அதில் ஏறின பெண் தாலி கெட்டிப்பட்டு வாழ்வாள் என்று. பேர் வந்தால் கூடவே கட்டுப்பாடும் வரும் அல்லவா? சாவு வீட்டுக்கு அந்த வண்டி போகக்கூடாது. பிள்ளை பெற்றவளை ஏற்றக்கூடாது. தீட்டுப் பட்ட வண்டியில் எவன் பெண்ணை உட்கார வைப்பான்? இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. அவர் மனைவி கொளஞ்சியம்மாள் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள், அது சட்டமாகிவிட்டது.

எண்பத்தோராம் வருஷம் தை மாதம். மறுநாள் விடியற்காலை கூட்டுறவு சங்கத் தலைவர் வீட்டுப் பெண்ணழைப்பு. மத்தியானமே காரை வெளியே எடுத்துக் கழுவி, துடைத்து, கொட்டகையில் ஏற்றிப் பூக்கட்டி முடித்திருந்தார் அரங்கநாதன். பொழுது சாய்கிற நேரத்துக்குப் பாவாடை ஓடிவந்தான்.

பாவாடை காலனிக்காரன். இருபத்தேழு வயது. அரங்கநாதன் நிலத்தில் தண்ணீர் கட்டுவதும் கரும்பு வெட்டுவதும் அவன்தான். அவன் மனைவி செல்லியம்மாளுக்கு முதல் பிரசவம்.

"ஐயா, நேத்து ராவு புடிச்சி செல்லி வலியில துடிக்கிறாளுங்க. மருத்துவச்சி கை விரிச்சிட்டாங்க. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போயே ஆவணும்னு சொல்றாங்க. பஸ்ஸும் போயிடுச்சி. வண்டி குடுத்தீங்கன்னா..."

அரங்கநாதன் கொட்டகைப் பக்கம் பார்த்தார். வெள்ளை உறை கண்ணில் பட்டது. இரத்தம் பட்டால் போகாது என்று ஒரு நினைப்பு. நாளைக்குப் பெண்ணழைப்பு, தீட்டு என்று ஒரு நினைப்பு. மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. காலனிக்காரர்களை அந்த இருக்கையில் உட்கார வைப்பதா என்பது அது. அதை அவர் தனக்குத்தானேகூட வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. நான் சொல்கிறேன். மூன்றில் அதுதான் பெரியது.

"வண்டி ரிப்பேருடா பாவாடை" என்றார். "மத்தியானம் புடிச்சி எடுக்கவே மாட்டேங்குது. காலைல கண்ணாயிரம் வந்தாத்தான்."

வாசல்நிலையில் நின்ற கொளஞ்சியம்மாள் அவரைப் பார்த்தாள்.

பாவாடை பூக்கட்டிய காரைப் பார்த்தான். சந்தேகப்படுகிற பிள்ளையாக இருந்தால் அந்த நிமிஷமே சந்தேகப்பட்டிருப்பான். அவனுக்கு அது வரவில்லை. "ஐயோ, இன்னிக்கின்னு பாத்தா" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். அரங்கநாதனுக்கு ஏதாவது செய்தாகவேண்டும் போலிருந்தது. புதிதாக வாங்கிய காங்கேயம் ஜோடியை அவிழ்த்து வில்வண்டியில் தன் கையாலேயே பூட்டிக் கொடுத்தார். "ஓட்டமா ஓடுற மாடு, வெரட்டிக்கினு போ" என்றார். வண்டிக்குள் வைக்கோல்கூட அவரே பரப்பினார்.

சங்கராபுரம் எட்டு மைல். அங்கே போய், ஆலையில் கரும்பு இறக்கிவிட்டுத் திரும்பிய டிராக்டர் ஒன்றை மறித்து, அதன் டிரெய்லரில் கோணிச் சாக்கு விரித்துப் படுக்கவைத்துக் கள்ளக்குறிச்சி போய்ச் சேர ஆறு மணி நேரம் ஆயிற்று. ஆண் பிள்ளை. வயிற்றிலேயே இறந்திருந்தது. செல்லியம்மாள் பிழைத்தாள்.

விடிவதற்கு முன்பே சேதி வந்துவிட்டது. அரங்கநாதன் குளித்துப் பட்டுத்துண்டு போட்டுக் கல்யாணத்துக்குப் புறப்பட்டு நின்றார். கல்யாண வீட்டுக்குப் போகிற வழி காலனியைத் தாண்டித்தான் போகிறது. அவர் கொட்டகைக்குள் போனார். கார் மூடியைத் திறந்து, கட்டைவிரல் அளவில் உள்ளே சுழலுகிற ரோட்டாரைக் கழற்றினார். அது இல்லாவிட்டால் எந்தக் கொம்பன் வந்தாலும் வண்டியைக் கிளப்ப முடியாது. துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் போட்டார். சங்கத் தலைவர் வீட்டுக்கு ஆள் அனுப்பி, வண்டி ரிப்பேர் என்று சொல்லச் சொன்னார். அந்தப் பெண் யாருடைய அம்பாசடரிலோ போய் இறங்கினாள்.

"பூவ அவுத்துடட்டுமா?" என்று கொளஞ்சியம்மாள் மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் காரைப் பற்றிய பேச்சு நின்றுபோயிற்று.

ஏசியிருந்தால் பரவாயில்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால் அரங்கநாதன் எப்படியாவது தாங்கியிருப்பார். பாவாடை அவரைப் புகழ ஆரம்பித்தான். காலனியில், டீக்கடையில், கரும்பு வெட்டுகிற இடத்தில் எல்லாம் அதே பேச்சு. "எந்த ஆண்டை புது மாட்ட அவுத்துக் குடுப்பான்? ஐயா தன் கையால பூட்டிக் குடுத்தாரு. அந்த வண்டி மட்டும் ஓடியிருந்தா எம் புள்ள பொழச்சிருக்கும். அவரு இன்னா பண்ணுவாரு பாவம்." இது சுற்றிச் சுற்றி அரங்கநாதன் காதுக்கு வரும். நேரில் பார்த்தால் பாவாடை ஒன்றே ஒன்றுதான் கேட்பான்: "வண்டி சரியாச்சிங்களா ஐயா?" வாரத்துக்கு இரண்டு தடவை கேட்டான். பிள்ளையைப் புதைத்தவன், இவர் காருக்காக வருத்தப்பட்டான். அரங்கநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. நிலத்துக்குப் போவதையே குறைத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் பாவாடை யாரிடமும் சொல்லாமல் உளுந்தூர்பேட்டைக்குப் பஸ் ஏறிப்போய்க் கண்ணாயிரத்தைக் கையோடு கூட்டிவந்துவிட்டான். தன் கூலியிலிருந்து அவனுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, பஸ்ஸுக்கும் டிக்கெட் எடுத்திருந்தான்.

"ஐயா மாடு குடுத்தாரு. நான் இதுகூடச் செய்யலன்னா எப்பிடி" என்றான்.

கண்ணாயிரம் மூடியைத் திறந்தான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "ரோட்டாரக் காணோமே. எவனோ கழட்டிக்கினு போயிருக்கான்" என்றவன், அரங்கநாதன் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். அவனுக்குப் புரிந்திருக்கும். பெரிய வாடிக்கை, அவன் எதற்கு வாயைக் கொடுப்பான்?

பாவாடைக்கு முகம் மாறிற்று. "அப்ப திருட்டா? எவனோ எடுத்ததாலதான் அன்னிக்கு வண்டி ஓடலியா?" கொட்டகையைச் சுற்றிப் பார்த்தான். "இங்க யாருங்க வந்து போனாங்க?"

இங்கேதான் அரங்கநாதன் செய்ததைக் கேளுங்கள். பொய்கூடச் சொல்லவில்லை. "இருசப்பன் புளி மூட்ட வெச்சிட்டுப் போனான்" என்றார். உண்மைதான். இருசப்பன் கல்வராயன் மலைக்காரன். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து புளியும் தேனும் கடுக்காயும் கொண்டுவருபவன், விற்காத மூட்டையைக் கொட்டகை மூலையில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். அந்தப் பெண்ணழைப்பு வாரமும் வைத்துவிட்டுப் போயிருந்தான். அந்த உண்மையை அந்த நேரத்தில் எடுத்துச் சொன்னதுதான் பாவம்.

நாலாம் நாள் காலையில் கொளஞ்சியம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். கையில் துணிச்சுருள்.

"பாவாடையும் அவன் மச்சானுங்க ரெண்டு பேரும் காலைப் பஸ்ஸுல போயிட்டாங்களாம். வெள்ளிமலையில இன்னிக்கிச் சந்த. இருசப்பனப் புடிச்சி ஒதைக்கப் போறாங்களாம்" என்று சொல்லி, துணியை அவர் முன்னால் வைத்தாள். "நீங்க போவலியா?"

மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் காரைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது. அரங்கநாதன் ரோட்டாரை மாட்டினார். மூன்றாவது தடவை எஞ்சின் பிடித்துக்கொண்டது. சங்கராபுரம் தாண்டி, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையின் கரையை ஒட்டி மலைப்பாதையில் ஏறினார். அந்தக் கார் அதற்குச் செய்யப்பட்டதில்லை. நீளம் அதிகம். ஒவ்வொரு வளைவிலும் ஒரே திருப்பில் திரும்பாது. பின்னுக்கு எடுத்து, முன்னுக்கு எடுத்து ஏற்றவேண்டும். வயிறு கல்லில் உரசிற்று. வேறு நாளாக இருந்தால் இறங்கிக் குனிந்து பார்த்திருப்பார். அன்று அவர் வழியெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு போனார். போனதும் சொல்லிவிடவேண்டும். நான்தான், வண்டி ஓடிற்று, நான்தான் கொடுக்கவில்லை. சொல்லிவிட்டு அவன் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்ளவேண்டும்.

சந்தையில் கூட்டம் கூடியிருந்தது. இருசப்பனை அவன் மூட்டை கட்டின கயிற்றாலேயே மரத்தில் கட்டியிருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. "நான் எடுக்கலீங்க, அது இன்னான்னே எனக்குத் தெரியாதுங்க" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான். மலைக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரு பக்கமாகச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பாவாடைதான் அடி வாங்கியிருப்பான்.

கார் வந்து நின்றதும் எல்லோரும் திரும்பினார்கள். பாவாடை ஓடிவந்தான். "வண்டி ஓடுதுங்களா ஐயா?" அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அவன அவுத்து வுடு" என்றார் அரங்கநாதன். "அத எடுத்தது நாந்தான்."

கூட்டம் அடங்கிற்று. பாவாடை அவரையே பார்த்தான். இன்னும் இரண்டு வார்த்தைதான் பாக்கி. அத்தனை முகங்கள், அதில் பாவாடையின் முகம்.

"திருட்டுக்குப் பயந்துக்கினு முன்னாடியே கழட்டி வெச்சிருந்தேன். வெச்ச எடம் மறந்து போச்சி. வண்டி ரிப்பேருன்னு நெனச்சிட்டேன்."

கட்டினவன் கையாலேயே இருசப்பனின் கட்டு அவிழ்ந்தது. அவன் சிதறின புளியைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தான். அரங்கநாதன் அவ்வளவையும் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். "வேணாங்க" என்றான். அதற்குப் பிறகு அவன் மணலேரிப்பட்டுப் பக்கம் தலை வைக்கவில்லை.

பாவாடை கொஞ்ச நேரம் மரத்தடியில் குந்தியிருந்தான். பிறகு எழுந்து வந்து, "மறதி யாருக்குத்தான் வராதுங்க. எம் புள்ளைக்கு விதி அவ்ளோதான்" என்றான். அவரைத் தேற்றினான். அரங்கநாதன் கார் கதவைத் திறந்து மூன்று பேரையும் ஏறச் சொன்னார். மச்சான்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் வருகிறோம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பாவாடை மட்டும் ஏறினான். சாயவில்லை. இருக்கையின் விளிம்பில், துண்டை மடியில் வைத்துக்கொண்டு, அழுக்குப் பட்டுவிடுமோ என்று காலைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்து வந்தான். மலை இறங்கித் தார்ச்சாலைக்கு வந்ததும் சொன்னான்: "ஆட்டமே இல்லீங்களே. தொட்டில்ல படுத்தாப்புல இருக்குது."

அரங்கநாதன் சாலையையே பார்த்து ஓட்டினார். கண் மறைத்தது.

மறுநாள் காலை அவர் முடிவோடு காலனியைப் பார்த்து நடந்தார். சொல்லாமல் இருப்பதைவிட வெட்டுப்படுவது மேல் என்று தோன்றிவிட்டது. வாய்க்கால் வரப்பில் செல்லியம்மாள் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவளை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. உடம்பு பாதியாகியிருந்தது. அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"எங்கங்க போறீங்க?"

"பாவாடையப் பாக்கணும்மா."

"இன்னாத்துக்குங்க?"

அவள் அரிவாளைக் கட்டின புல்லில் செருகினாள்.

"அன்னிக்கு மத்தியானம் வண்டிய வெளிய எடுத்தீங்க. திரும்ப உள்ள வுட்டீங்க. நான் வலியோட படுத்துக்கினு இருந்தேன். எனக்குச் சத்தம் கேட்டுது. நம்ம ஊர்ல அந்தச் சத்தம் வேற எந்த வண்டிக்கு இருக்குது? பொழுது சாயறப்ப நாந்தான் அவர அனுப்பி வெச்சேன். ஐயாகிட்ட வண்டி இருக்குது, போய்க் கேளுன்னு."

இவளுக்கு முதலிலிருந்தே தெரியும். சாக்கு விரித்த டிரெய்லரில் படுத்துக்கொண்டு போகும்போதே தெரியும். இத்தனை நாள் புருஷன் இவரைப் புகழ்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அவன்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவாரு? கொடுவாள எடுத்துக்கினு உங்க வாசல்ல வந்து நிப்பாரு. அப்பறம் ஜெயிலுக்குப் போவாரு. புள்ளையும் இல்ல, புருசனும் இல்லன்னு நான் நிக்கணுமா?"

"இன்னிக்கி நானே சொல்லிடறேம்மா. இனிமே என்னால முடியல."

"வேணாங்க" என்றாள். குரல் உயரவில்லை. "நீங்க சொன்னா உங்களுக்குப் பாரம் எறங்கும். அவருக்கு ஏறும். எங்களுக்கு ஒரு நல்லது பண்றதா இருந்தா, இத நீங்களே வெச்சிக்கினு இருங்க."

புல்லுக்கட்டைத் தூக்கிவிடச் சொல்லக்கூட அவள் அவரைக் கேட்கவில்லை. முழங்காலில் ஏற்றி, தானே தலைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அந்தக் காரைக் கல்யாணத்துக்குக் கொடுக்கவில்லை. கேட்டவர்களுக்கு வண்டி முன்போல் இல்லை என்றார். ஊரில் யாருக்காவது பாம்பு கடித்தால், யாராவது மரத்திலிருந்து விழுந்தால் வாசலில் வந்து கூப்பிடட்டும், எந்தத் தெருக்காரராக இருந்தாலும் சரி என்று சொல்லிவைத்தார். பேர்போன கல்யாணக் கார் இப்படி ஆகிவிட்டதே என்று அவர் சாதிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சங்கத் தலைவர் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஊரில் பாதிப் பேர் அவரைத் தர்மவான் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளே குத்திற்று. பாவாடை எதிரே வந்தால் இப்போதும் சிரிப்பான், இவரும் சிரிப்பார். ஒவ்வொரு நாளும் ஒரு தடவையாவது அந்தச் சிரிப்பைச் சிரித்தாக வேண்டியிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஆவணியில் செல்லியம்மாள் மறுபடி நிறைமாதமாக இருந்தாள். ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே அரங்கநாதன் காரைக் கொட்டகைக்குள் விடவில்லை. வாசலிலேயே, சாலையைப் பார்த்தபடி நிறுத்தியிருந்தார். உளுந்தூர்பேட்டைக்கு இரண்டு தடவை கொண்டுபோய்க் கண்ணாயிரத்தைப் பார்க்கச் சொன்னார். வெளியூர் போகவில்லை. ஒரு முற்பகல் பாவாடை ஓடிவந்தான். வாயைத் திறப்பதற்குள் அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

காலனிக்குள் அந்தக் கார் நுழைந்தது அதுதான் முதல் தடவை. குடிசை வாசலில் செல்லியம்மாள் இரண்டு பெண்கள் தாங்க நின்றுகொண்டிருந்தாள். பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அரங்கநாதன் நின்றார். அவள் அந்த இருக்கையைப் பார்த்தாள். ஏறமாட்டாள் என்று அவருக்குத் தோன்றிற்று. ஏறாவிட்டால் சரிதான் என்றும் தோன்றிற்று.

"ஏறு செல்லி, ஐயாவே வந்திருக்காரு பாரு" என்றான் பாவாடை.

அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். ஏறாவிட்டால் ஏன் என்று அவன் கேட்பான். அவள் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

சங்கராபுரம் எப்போது வந்தது, எப்போது போயிற்று என்று தெரியவில்லை. வலி வரும்போது அவள் முன் இருக்கையின் முதுகைப் பற்றிக்கொண்டாள். அந்த இறுக்கம் அரங்கநாதனின் முதுகுக்குத் தெரிந்தது. கண்ணாடியில் அவளைப் பார்க்க அவருக்குத் துணிவு இல்லை. பாவாடை அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஆச்சி, ஆச்சி, வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். தள்ளுவண்டி கொண்டுவர பாவாடை உள்ளே ஓடினான். இரண்டு பேர்தான் காரில் இருந்தார்கள். பின்னாலிருந்து செல்லியம்மாள் கேட்டாள்.

"எவ்ளோ நேரமாச்சிங்க?"

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொய் சொல்ல வாய் வந்தது. இவளிடம் அது செல்லாது.

"நாப்பது நிமிஷம்மா."

"அவ்ளோதானா" என்றாள்.

தள்ளுவண்டி வந்தது. அவளை இறக்கிக்கொண்டு போனார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். பாவாடை வெளியே ஓடிவந்து, காரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அரங்கநாதனின் காலில் விழப்போனான். அவர் பதறிப் பிடித்துக்கொண்டார். அவன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான். அரங்கநாதன் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு நின்றார்.